நோய் எதிர்ப்பு சக்தி மாதிரி கம்ப்யூட்டருக்கும் பண்ணலாம்னு சொல்றாங்களே, நெசமாவே எங்கயாவது வேலை செய்யுதா?

முடியாத_ப்ராஜெக்ட்:

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை கடைசி வருஷம் படிக்கறேன். ப்ராஜெக்ட் தலைப்பு 'செயற்கை நோய் எதிர்ப்பு மண்டலம் மூலமா நெட்வொர்க் ஊடுருவலைக் கண்டுபிடிக்கறது'. தலைப்பு நான் எடுத்தது இல்ல, கைடு கொடுத்தது, ஆனா படிக்க ஆரம்பிச்சப்ப ரொம்பப் பிடிச்சுப் போச்சு, அது வேற விஷயம்.

நான் பண்ணினது நெகட்டிவ் செலக்ஷன். தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்றேன், உடம்புல தைமஸ்னு ஒரு உறுப்பு இருக்கு, அதுல டி செல்லுங்க (ஒரு வகை வெள்ளை அணு) கண்டபடி ரேண்டமா உருவாகும், அதுல நம்ம சொந்தத் திசுவோட பலமா ஒட்டிக்கற செல்லையெல்லாம் அங்கயே சாகடிச்சுரும், மிச்சம் தப்பிச்சு வெளிய வர்றதுதான் ஊர்சுத்தி கிருமியத் தேடும். அதே மாதிரி நானும் ரேண்டமா டிடெக்டர், அதாவது ட்ராஃபிக்கோட ஒப்பிட்டுப் பாக்கற பேட்டர்ன், உருவாக்கி, நார்மல் ட்ராஃபிக்கோட மேட்ச் ஆகறதத் தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்த வெச்சு சோதிச்சேன். என்எஸ்எல்-கேடிடிங்கற ஊடுருவல் சோதனை டேட்டாசெட்ல 90க்கு மேல அக்யூரசி வந்துச்சு, செம சந்தோஷம்.

அப்புறம் ஆசை யார விட்டுச்சு, எங்க லேப் நெட்வொர்க்லயே அனுமதி வாங்கி ஒரு வாரம் ட்ராஃபிக் எடுத்து ஓட்டிப் பாத்தேன். முதல் ஒரு மணி நேரத்துலயே ஆயிரக்கணக்கில அலாரம். உக்காந்து ஒண்ணொண்ணா பாத்தா யாரோ ஒருத்தர் லேப்டாப்ப அப்டேட் பண்ணிருக்காங்க, இன்னொருத்தர் புதுசா பிரிண்டர் மாட்டிருக்காங்க. ஒரு தாக்குதல் கூட இல்ல. கைடுகிட்ட சொன்னா 'டேட்டாசெட் ரிசல்ட்ட மட்டும் எழுது'ங்கறார்.

கேள்வி ரெண்டு. இது நெஜ உலகத்துல எங்கயாவது ஓடுதா, இல்ல கேக்க அழகா இருக்கற உவமை மட்டும்தானா? இந்த நெகட்டிவ் செலக்ஷன விட்டா உயிரியல்ல இருந்து எடுத்துக்க வேற ஏதாவது உருப்படியா இருக்கா?

பழைய_லாக்_ரீடர்:

தம்பி, உங்களுக்கு வந்த பிரச்சினை உங்க கோட்ல இல்ல, அதனால முதல்ல நிம்மதியாத் தூங்குங்க.

இந்தக் கதை எங்க ஆரம்பிச்சதுன்னு பாத்தாலே பாதி விடை கிடைக்கும். 1994ல ஸ்டெஃபனி ஃபாரஸ்ட்டும் கூட மூணு பேரும் எழுதின பேப்பர்தான் நெகட்டிவ் செலக்ஷனுக்கு மூலம். கூட எழுதினதுல ஆலன் பெரல்சன் நோய் எதிர்ப்பு மண்டலத்தக் கணக்கு வெச்சு ஆராயறவர், அதாவது இது சும்மா பேர் மட்டும் கடன் வாங்கின வேலை இல்ல. ஆனா அவங்க அதுல பாத்தது நெட்வொர்க்க இல்ல, ஃபைல. ஒரு ப்ரோக்ராம் ஃபைல வைரஸ் வந்து மாத்திருச்சான்னு பாக்கணும். ஃபைலுக்கு 'நான்' யாருன்னா இந்த பைட்டுங்கதான், நாளைக்கும் அதேதான், மாறாது. அங்க அந்த ஐடியா பொருந்துச்சு. நீங்க அத மணிக்கு மணி மாறற லேப் நெட்வொர்க்ல கொண்டுவந்து வெச்சா அது என்ன பண்ணும், பாக்கறத எல்லாம் அந்நியன்னுதான் சொல்லும்.

இன்னொண்ணு கவனிங்க, ரெண்டே வருஷத்துல, 1996ல, அதே ஃபாரஸ்ட் குழு யூனிக்ஸ் ப்ராசஸுங்கள வெச்சு ஒரு வேலை பண்ணாங்க, இந்தத் துறையில அதிகமா மேற்கோள் காட்டறதுல அதுவும் ஒண்ணு. அதுல ரேண்டம் டிடெக்டரே கிடையாது! செண்ட்மெயில்ங்கற மெயில் சர்வர் மாதிரி ஒரு ப்ரோக்ராம் ஓடறப்ப அது கெர்னல்கிட்ட, அதாவது ஓஎஸ்ஸோட மையத்துகிட்ட, என்னென்ன சிஸ்டம் கால் (வேலைக் கோரிக்கை) கேக்குது, ஓப்பன், ரீட், எம்மேப், ரைட், க்ளோஸ் இப்படி, அந்த வரிசைய ஆறு மாதிரி சின்னச் சின்ன நீளத்துல வெட்டி ஒரு டேபிள்ல போட்டு வெச்சாங்க, அவ்ளோதான். அப்புறம் ஓடறப்ப டேபிள்ல இல்லாத வரிசை வந்தா சந்தேகம். ஏன் அது எடுபட்டுச்சுன்னா ஒரு ப்ரோக்ராம் மனுஷன மாதிரி புத்தி மாறாது, அது பண்ற வேலை கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தையே திரும்பத் திரும்பப் பண்ணும். 'நான்'ங்கறத எங்க பாத்தா ஆடாம நிக்குமோ அங்க போய்ப் பாத்தாங்க.

அப்ப நெட்வொர்க்குக்கு யாருமே பண்ணலையான்னா பண்ணாங்க, ஸ்டீவன் ஹாஃப்மைர் லைசிஸ்னு ஒண்ணு கட்டினார். ஒவ்வொரு டிசிபி இணைப்பும் 49 பிட். எந்த மெஷின், எந்த மெஷினோட, எந்த சர்வீஸ், அவ்ளோதான் தகவல். உங்க டேட்டாசெட் மாதிரி 41 ஃபீச்சர்லாம் இல்ல. அதுலயும் டிடெக்டர் கத்தினா உடனே நம்பக்கூடாது, ஒரு மனுஷன் பாத்து ஆமான்னு சொன்னாத்தான் அந்த டிடெக்டர் உயிரோட இருக்கும், யாரும் ஒண்ணும் சொல்லலன்னா செத்துரும். உடம்புலயும் டி செல்லுக்கு ரெண்டாவதா ஒரு சிக்னல் வேணும், ஒரே சிக்னல நம்பி இறங்காது. உங்க கோட்ல அந்த ரெண்டாவது சிக்னல் இருக்கா? இருக்காதுன்னு நெனைக்கறேன், ஏன்னா இதப் பண்ற பத்துல ஒம்பது ப்ராஜெக்ட்ல அதத்தான் மொதல்ல வெட்டிடுவாங்க.

கடைசியா ஒரு விஷயம், யாரும் சொல்லித் தர்றதில்ல. நெகட்டிவ் செலக்ஷனோட நெஜமான லாபம் கண்டுபிடிக்கற துல்லியத்துல இல்ல. டிடெக்டருங்களப் பிரிச்சு நூறு மெஷின்ல வேற வேற செட்டா வெக்கலாம், ஒண்ணுக்கொண்ணு பேசிக்கவே வேண்டாம், ஒரு மெஷின ஒருத்தன் கைப்பத்தினாலும் மத்த தொண்ணூத்தொம்பதுல என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. அதுக்குத்தான் இவ்ளோ சுத்திவளைச்சு ரேண்டமாப் பண்றது. ஒரே மெஷின்ல ஒரே செட்ட வெச்சு ஓட்டினா அந்த லாபம் போச்சு, கஷ்டம் மட்டும்தான் மிச்சம். அந்தக் கஷ்டமும் சின்னது இல்ல, 2001லயே கிம், பென்ட்லி ரெண்டு பேரும் நெட்வொர்க் டேட்டாவுல பரிசோதிச்சுப் பாத்து, ஃபீச்சர் கூடக் கூட தேவையான டிடெக்டர் எண்ணிக்கை நடைமுறைக்கே ஒத்துவராத அளவுக்குப் போகுதுன்னு காட்டிட்டாங்க.

நுண்ணுயிர்:

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்ல, பயாலஜி, பாக்டீரியா பக்கம். இந்த மாதிரி பேச்சு வர்றப்பெல்லாம் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வரும், கோச்சுக்காதீங்க. நோய் எதிர்ப்புன்னாலே உங்க ஆளுங்க தைமஸ்லயே போய் நிக்கறீங்க. உயிருங்க வைரஸோட சண்டை போட ஆரம்பிச்சு கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு, அதுல டி செல் எல்லாம் நேத்து வந்தது.

பாக்டீரியாவப் பாருங்க. தன்னோட டிஎன்ஏல சில குறிப்பிட்ட இடத்துல ஒரு மெத்தில் முத்திரை குத்தி வெச்சுக்கும். வெளிய இருந்து ஃபேஜ், அதாவது பாக்டீரியாவத் தாக்கற வைரஸ், வந்து தன் டிஎன்ஏவ உள்ள தள்ளினா அதுல அந்த முத்திரை இருக்காது, உடனே கத்தரி என்சைம் ஒண்ணு வந்து வெட்டித் தள்ளிடும். ஈகோஆர்ஒன்னு ஒரு என்சைம், அது ஜிஏஏடிடிசிங்கற ஆறு எழுத்தப் பாத்து வெட்டும், அதே ஆறு எழுத்து பாக்டீரியாவோட டிஎன்ஏலயும் இருக்கு ஆனா முத்திரை இருக்கறதால தொடாது. இதக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுது? எனக்கு என் கம்ப்யூட்டர் 'இந்த ஆப்ல டிஜிட்டல் கையெழுத்து இல்ல, ஓட்டவா வேண்டாமா'ன்னு கேக்கறதுதான் ஞாபகம் வருது. எது கெட்டதுன்னு கண்டுபிடிக்கவே முயற்சி பண்ணல, எது நம்மளோடதுன்னு குறிச்சு வெச்சாச்சு, அவ்ளோதான்.

அப்புறம் கிறிஸ்பர். ஜீன் எடிட்டிங்னு இப்ப எல்லாருக்கும் தெரியும், ஆனா அது அடிப்படையில பாக்டீரியாவோட ஆன்டிவைரஸ் டேட்டாபேஸ். தாக்கின ஃபேஜோட டிஎன்ஏல இருந்து ஒரு முப்பது எழுத்து மாதிரி ஒரு துண்டை வெட்டித் தன் ஜீனோம்லயே ஒட்டி வெச்சுக்கும், அடுத்த தடவ அதே துண்டு உள்ள வந்தா வெட்டும், அந்த டேட்டாபேஸ் பிள்ளை குட்டிக்கும் போகும். சிக்னேச்சர்னு நீங்க சொல்றது அச்சு அசல் இதுதான். இதோட பலவீனமும் அதேதான், ஃபேஜ் சரியான இடத்துல ஒரு எழுத்த மாத்திக்கிட்டு வந்துச்சுன்னா கதை முடிஞ்சுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'காணாமப்போன அடையாளம்'. நம்ம செல்லுங்க கிட்டத்தட்ட எல்லாமே உள்ள என்ன நடக்குதுன்னு காட்டற ஒரு மூலக்கூற வெளிப்பக்கம் மாட்டி வெச்சிருக்கும், எம்ஹெச்சி ஒண்ணுன்னு பேரு. டி செல் அதப் பாத்துதான் உள்ள வைரஸ் இருக்கான்னு முடிவு பண்ணும். சில வைரஸ் புத்திசாலி, அந்த மூலக்கூறையே வெளிய வரவிடாது, கேமராவ மூடற மாதிரி. அப்ப டி செல்லுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா என்கே செல்னு இன்னொரு கூட்டம் இருக்கு, அதுக்கு கெட்டது என்னன்னே தெரிய வேண்டாம், அடையாளம் மாட்டாத செல்லப் பாத்தா பெரும்பாலும் கொன்னுடும், அதோட முக்கிய வேலையில அது ஒண்ணு. இதுக்கு மேல ஒரு படி போய் சைட்டோமெகலோவைரஸ் அந்த அடையாளம் மாதிரியே இருக்கற ஒரு புரதத்தத் தானே தயார் பண்ணி வெச்சிருக்கு. கம்ப்யூட்டர்ல இது மாதிரி இருக்கா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_லாக்_ரீடர்:

@நுண்ணுயிர் இருக்கு, நல்லாவே இருக்கு. உள்ள வர்றவன் முதல்ல பண்ற வேலை ஆன்டிவைரஸ நிறுத்தறதுதான். அதனால ஒவ்வொரு மெஷின்லயும் இருக்கற ஏஜென்ட், அதாவது காவல் ப்ரோக்ராம், சில நிமிஷத்துக்கு ஒரு தடவ 'உயிரோட இருக்கேன்'னு சர்வருக்கு சொல்லும், அந்தக் குரல் நின்னா அந்த மெஷின நெட்வொர்க்ல இருந்து தனியாப் பிரிச்சு வெச்சுடறது. என்ன வைரஸ்னு தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனா இத உயிரியல்ல இருந்து எடுத்தோம்னு யாரும் பேப்பர் எழுதினதா எனக்குத் தெரியல, அனுபவத்துல அடிபட்டு வந்து சேந்த இடம். என் வேலையில நான் பாத்த அலாரத்துலயே அதிகமா உருப்படியா இருந்தது 'ஏஜென்ட் பதில் சொல்லல'ங்கற இந்த ஒத்த வரிதான். பாதி நேரம் யாராவது மெஷின ஃபார்மட் பண்ணிருப்பாங்க, அது தனிக்கதை. அந்தப் போலி அடையாளமும் இருக்கு, ஏஜென்ட்ட உள்ளுக்குள்ள முடக்கிட்டு ஹார்ட்பீட்ட மட்டும் விட்டு வெக்கறது.

கையெழுத்து விஷயத்துலயும் அப்படித்தான். 2010ல வெளிய தெரிஞ்ச ஸ்டக்ஸ்நெட்ங்கற வார்ம் (தானாப் பரவற வைரஸ்) ரெண்டு ஹார்டுவேர் கம்பெனியோட திருடின சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டுதான் உள்ள வந்துச்சு. முத்திரை சரியா இருக்கு, கதவத் திறந்துட்டாங்க.

சந்தேகப்பேர்வழி:

எல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு, நான் கொஞ்சம் தண்ணி ஊத்தறேன்.

முதல்ல கணக்கு. ஒரு நாளைக்கு உங்க நெட்வொர்க்ல 10 லட்சம் இணைப்பு, அதுல நெஜத் தாக்குதல் 10ன்னு வெச்சுக்கோங்க. உங்க சிஸ்டம் ரொம்ப நல்லது, அந்தப் பத்தையும் பிடிச்சுடும், நல்லதத் தப்பா சொல்றது ஆயிரத்துல ஒண்ணுதான். அப்படியும் நாளைக்கு 1,000 பொய் அலாரம், 10 நெஜம். புலி வருது புலி வருதுன்னு கத்தின பையன் கதைதான், மூணாவது நாள் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. அக்யூரசி 99.9ன்னு பேப்பர்ல போட்டுக்கலாம், அதுவும் சரியான நம்பர்தான், அதான் கொடுமை.

அந்த டேட்டாசெட்டப் பத்தியும் ஒரு வார்த்தை. என்எஸ்எல்-கேடிடி வந்ததே பழைய கேடிடி 99ல முக்கால்வாசி ரெக்கார்டு டூப்ளிகேட்டா இருந்துச்சுன்னுதான், ட்ரெயினிங்ல 78 சதவீதம். டூப்ளிகேட்டத்தான் எடுத்தாங்க, மூலம் அதே 1998ல லேப்ல செயற்கையா உருவாக்கின ட்ராஃபிக். உங்க லேப்ல இன்னிக்கு ஓடறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ரெண்டாவது, கிருமி உங்க பேப்பரப் படிக்காது, ஹேக்கர் படிப்பான். பழையவர் சொன்ன அந்த சிஸ்டம் கால் ஐடியாவ 2002லயே டேவிட் வாக்னரும் பாவ்லோ சோட்டோவும் உடைச்சுக் காட்டிட்டாங்க. நார்மல் வரிசை என்னன்னு தெரியும்ல, அப்ப என் தாக்குதலயே அந்த வரிசைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கறேன், நடுவுல ஒரு ஓப்பன் வேணுமா, இல்லாத ஃபைல ஓப்பன் பண்றேன், அது ஃபெயில் ஆகும், எனக்கென்ன, வரிசை சரியா இருக்கு. கூப்பிடற பேரத்தான் அது பாக்குது, என்ன கேட்டுக் கூப்பிடறாங்கன்னு பாக்கறதில்ல. கிருமி கண்ண மூடிக்கிட்டு கோடி தடவ முயற்சி பண்ணித்தான் இந்த மாதிரி வேஷத்தக் கண்டுபிடிக்கணும். ஹேக்கர் உங்க சாஃப்ட்வேர டவுன்லோட் பண்ணி வீட்டுல உக்காந்து, அலாரம் அடிக்காத வரைக்கும் திருத்தித் திருத்தி எழுதிட்டு அப்புறம்தான் வருவான்.

மூணாவது வேலியே பயிர மேயறது. 2010 ஏப்ரல் 21, மெக்காஃபி ஒரு அப்டேட் விட்டாங்க, அது விண்டோஸ் எக்ஸ்பியோட எஸ்விசிஹோஸ்ட்ங்கற சொந்த சிஸ்டம் ஃபைலயே வைரஸ்னு நெனச்சுத் தூக்கிருச்சு, உலகம் பூரா மெஷினுங்க ரீஸ்டார்ட் ஆகி ரீஸ்டார்ட் ஆகிச் செத்துச்சு. 2024 ஜூலை 19 க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கற பாதுகாப்பு சாஃப்ட்வேரோட அப்டேட் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அது ஒண்ணையும் தப்பா அடையாளம் காணல, பழுதான அப்டேட்னால தானே விழுந்து விண்டோஸையும் சேத்து இழுத்துட்டுப் போச்சு, 85 லட்சம் மெஷின்னு மைக்ரோசாஃப்ட்டே சொன்னாங்க. உடம்புக்கு ஆட்டோஇம்யூன் நோய் வந்தா ஒரு ஆளு கஷ்டப்படுவார். இங்க ஒரே நாள்ல எல்லாருக்கும் வரும், ஏன்னா எல்லார் உடம்புலயும் ஒரே நோய் எதிர்ப்பு மண்டலம்.

அரைத்தூக்கம்:

இடையில ஒரு முட்டாள் கேள்வி, திட்டாதீங்க. தடுப்பூசி மாதிரி நல்ல வைரஸ் ஒண்ண எழுதி நெட்ல விட்டா அது போய்ப் போய் எல்லா மெஷினையும் சரி பண்ணிடாதா?

சந்தேகப்பேர்வழி:

@அரைத்தூக்கம் விட்டாங்க ப்ரோ, 2003 ஆகஸ்ட்ல. ப்ளாஸ்டர் வார்ம் பரவினப்ப வெல்ச்சியான்னு ஒண்ணு வந்து ப்ளாஸ்டர அழிச்சுட்டு மைக்ரோசாஃப்ட் பேட்ச டவுன்லோட் பண்ணிப் போட்டுச்சு. அடுத்த மெஷின் உயிரோட இருக்கான்னு பிங் அடிச்சு அடிச்சே நெட்வொர்க்கையெல்லாம் திணறடிச்சுருச்சு. நோய விட மருந்து பெருசாப் போச்சு.

நுண்ணுயிர்:

அதுக்குப் பேரு தடுப்பூசியே இல்ல. தடுப்பூசியில முக்கியமான விஷயமே அது கண்டபடி பெருகி அடுத்தவங்களுக்குப் போகாம இருக்கணும்ங்கறதுதான்.

@சந்தேகப்பேர்வழி, கிருமி படிக்காதுங்கறது சரி, ஆனா 'ஏமாத்த முடியும்'ங்கறத வெச்சு எதையும் தள்ளிட முடியாது. ஒவ்வொரு நோய் எதிர்ப்பு வழிக்கும் அத ஏமாத்தற கிருமி ஏதாவது ஒண்ணு இருக்கு, இருந்தும் நாம உயிரோட இருக்கோம், ஏன்னா ஒரே நேரத்துல எல்லாத்தையும் ஏமாத்தணும், அதுவும் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா. அந்த எம்ஹெச்சி மூலக்கூறு ஆளுக்கு ஆள் வேற. ஒரு வைரஸ் எனக்கு டிமிக்கி கொடுத்தா உங்களுக்கும் கொடுக்கும்னு கிடையாது. நீங்க கடைசியா சொன்னீங்களே, எல்லார் உடம்புலயும் ஒரே மண்டலம்னு, அங்கதான் உங்க ஆளுங்க கோட்டை விட்டுட்டீங்கன்னு தோணுது.

இன்னொண்ணும் பாருங்க. 1994ல பாலி மாட்ஸிங்கர்னு ஒருத்தங்க அபாயக் கோட்பாடுன்னு ஒண்ணு சொன்னாங்க, நம்மளுதா அந்நியமாங்கறது இல்ல கேள்வி, சேதம் நடக்குதாங்கறதுதான்னு. சாப்பிடறது எல்லாம் அந்நியம்தான், வயித்துல இருக்கற குழந்தையே பாதி அந்நியம், உடம்பு சண்டைக்குப் போறதில்லயே. எங்க துறையில அதுக்கு முழு ஒப்புதல் கிடையாது, இன்னும் அடிச்சுக்கறாங்க. ஆனா அலாரம் பிரச்சினை இருக்கற உங்களுக்கு அது பொருந்தும் போல இருக்கே.

முடியாத_ப்ராஜெக்ட்:

இவ்ளோ பதில் வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. அபாயக் கோட்பாட்ட வெச்சு 2005ல ஜூலி கிரீன்ஸ்மித் டென்ட்ரிடிக் செல் அல்காரிதம்னு ஒண்ணு பண்ணிருக்காங்க, அத மேலோட்டமாப் படிச்சேன், ஆனா எது அபாய சிக்னல், எது பாதுகாப்பு சிக்னல்னு நாமளே கையால பிரிச்சுக் கொடுக்கணும் போல, அப்ப பாதி விடைய நாமளே கொடுத்த மாதிரிதான ஆகுது? அப்புறம் இப்ப நான் என்னதான் பண்றது, ப்ராஜெக்ட்ட விட்டுடவா? மூணு மாசம்தான் இருக்கு.

பழைய_லாக்_ரீடர்:

விடாதீங்க. அபாய சிக்னல் பத்தி நீங்க சொன்னது சரி, ஆனா ஒரு இடத்துல அது தெளிவா இருக்கு, ரேன்சம்வேர், அதாவது ஃபைலப் பூட்டி வெச்சுக்கிட்டுப் பணம் கேக்கறது. எந்த ப்ரோக்ராம்னு பாக்க வேண்டாம், ரெண்டு நிமிஷத்துல நூத்துக்கணக்கான ஃபைலுக்குள்ள இருக்கற டேட்டா திடீர்னு குப்பை மாதிரி ரேண்டமா ஆகுதுன்னா அது சேதம், நிறுத்து. யாரும் தொடக்கூடாத ஒரு பொறி ஃபைல வெச்சு அத யாராவது தொட்டா நிறுத்தறதும் இதே வகைதான். இது நெஜமாவே பல சாஃப்ட்வேர்ல ஓடுது.

சந்தேகப்பேர்வழி சொன்ன மூணுமே சரி, நான் மறுக்கல. ஆனா அவர் சொன்னது மூணும் ஒரே கேள்விக்கு, 'கெட்டதக் கண்டுபிடி'ங்கறதுக்கு. உடம்பு அத மட்டுமா பண்ணுது? கொஞ்சம் சந்தேகம் வந்தா கொஞ்சம் காய்ச்சல், நெறைய வந்தா நெறைய. ஃபாரஸ்ட்கிட்ட இருந்த அனில் சோமயாஜி 2000ல பிஹெச்னு ஒண்ணு பண்ணார், லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே. ஒரு ப்ராசஸ் விநோதமா சிஸ்டம் கால் கேட்டா அதக் கொல்லாது, தாமதப்படுத்தும், ஒண்ணு ரெண்டு விநோதம்னா உங்களுக்குத் தெரியவே தெரியாது, தொடர்ந்து வந்தா தாமதம் ரெட்டிப்பு ரெட்டிப்பா ஏறி கடைசியில நின்னே போன மாதிரி ஆயிடும். இதுல என்ன அழகுன்னா பொய் அலாரத்தோட விலை குறைஞ்சுபோச்சு. சும்மா ஒரு நொடி ஸ்லோ ஆச்சு, அவ்ளோதான், யாரும் ராத்திரி எழுந்து பாக்க வேண்டாம். வாக்னர் ஆளுங்க ஏமாத்திக் காட்டினதும் இதே பிஹெச்சத்தான், அதையும் சொல்லிடறேன், மறைக்க வேண்டாம்.

அதே மாதிரி ஹெச்பி லேப்ல மேத்யூ வில்லியம்சன் 2002ல சொன்னது. சாதாரண மெஷின் புதுப்புது மெஷினோட அடிக்கடி பேசாது, பழகின அஞ்சாறு மெஷினோடதான் பேசும், அதனால புது மெஷினுக்குப் போற இணைப்ப நொடிக்கு ஒண்ணுன்னு கட்டுப்படுத்து. நமக்குத் தெரியாது, ஆனா நொடிக்கு நூத்துக்கணக்கில முயற்சி பண்ற வார்முக்குக் கழுத்தப் பிடிச்ச மாதிரி. 2004ல எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2ல மைக்ரோசாஃப்ட்டும் இதே வகையில ஒண்ணு வெச்சாங்க, பாதியில நிக்கற இணைப்பு முயற்சிக்கு 10ன்னு ஒரு வரம்பு. டொரண்ட் ஓட்டறவங்களுக்கு அது இடிச்சுது, உடனே டிசிபிஐபி ட்ரைவர் ஃபைலயே பேட்ச் பண்ற டூல் ஒண்ணு ஊரெல்லாம் சுத்துச்சு. நானே போட்டிருக்கேன், வெக்கமா இருக்கு. சொந்த நோய் எதிர்ப்ப நாமளே கழட்டி வெக்கறது எந்த உயிரியல் புத்தகத்துல வருதுன்னு தெரியல.

நுண்ணுயிர் சொன்ன 'ஆளுக்கு ஆள் வேற', அதுதான் இந்தத் துறையிலயே நெஜமா ஜெயிச்சது, ஆனா நோய் எதிர்ப்புங்கற பேர் இல்லாம. 1988 நவம்பர்ல மாரிஸ் வார்ம் வந்தப்ப ஃபிங்கர் சர்வீஸ் ஓட்டை வழியா உள்ள போற கோட் வேக்ஸ்ங்கற ஒரு ரக மெஷினுக்குன்னு மட்டும் எழுதினது, சன் மெஷின்ல அதே ஓட்டை இருந்தும் அந்த கோட் வேலைக்கு ஆகல, அந்த சர்வீஸ் க்ராஷ் ஆச்சு, அவ்ளோதான், வேற வழியாத்தான் நுழைய வேண்டியிருந்துச்சு. வேற ரகமா இருந்ததே ஒரு தடுப்பு. 1997ல ஃபாரஸ்ட், சோமயாஜி, டேவிட் ஆக்லி மூணு பேரும் இத வேணும்னே பண்ணலாமே, ஒவ்வொரு மெஷின்லயும் மெமரி அமைப்ப ரேண்டமா மாத்தி வெக்கலாமேன்னு எழுதினாங்க. 2001ல பாக்ஸ்ங்கற லினக்ஸ் பேட்ச் மெமரி முகவரிய ரேண்டம் ஆக்கறதக் கொண்டுவந்துச்சு, அதத்தான் இப்ப ஏஎஸ்எல்ஆர்னு சொல்றோம், உங்க ஃபோன்லயும் லேப்டாப்லயும் இந்த நிமிஷம் ஓடிக்கிட்டிருக்கு. அதுவும் உடையாததுன்னு இல்ல, 32 பிட் மெஷின்ல சராசரி 216 நொடியில ஊகிச்சு உடைச்சுட்டாங்க 2004ல. 64 பிட்ல இடம் அதிகம், அதனால கஷ்டம் அதிகம். நீங்க கேட்ட 'எங்கயாவது ஓடுதா'வுக்கு என் பதில் இதுதான் தம்பி, டிடெக்டர் ஓடலைங்க, இது ஓடுது.

ப்ராஜெக்டுக்கு: நெட்வொர்க்க விடுங்க. லேப்ல ஒரே ஒரு சர்வர் ப்ரோக்ராம எடுத்துக்கோங்க, எஸ்-ட்ரேஸ்ங்கற டூல் போட்டு சிஸ்டம் கால் வரிசைய எடுங்க, டேபிள் கட்டுங்க. நாள் ஆக ஆக புதுசா எத்தனை வரிசை சேருதுன்னு ஒரு கோடு வரைங்க. அந்தக் கோடு படுத்துச்சுன்னா உங்க ப்ரோக்ராமுக்கு 'நான்'னு ஒண்ணு இருக்கு. படுக்கலன்னா இல்ல, அதுவும் ஒரு ரிசல்ட்டுதான், அதத் தைரியமா எழுதுங்க.

சந்தேகப்பேர்வழி:

இதுக்கு நான் எதிர்ப்பு சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும், வரிசை நீளம் ஆறுன்னு சொன்னாங்கன்னு கண்ண மூடிக்கிட்டு ஆறே போடாதீங்க. எல்லாரும் ஏன்னே தெரியாம பல வருஷம் ஆறு போட்டாங்க, அப்புறம் 2002ல டேனும் மேக்ஸியனும் தோண்டிப் பாத்தா அந்தப் பழைய டேட்டாவுல தாக்குதல்ல வர்ற, நார்மல்ல இல்லாத வரிசையோட குறைஞ்சபட்ச நீளமே ஆறாத்தான் இருக்கு. அந்த டேட்டாவோட ராசி அது. உங்களோடது வேற நம்பரா இருக்கலாம்.

முடியாத_ப்ராஜெக்ட்:

பன்னண்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். லேப் வெப் சர்வர் ப்ராசஸ வெச்சுப் பண்ணேன். முதல் நாள் டேபிள் வேகமா ஏறுச்சு, மூணாவது நாளுக்கு மேல கிட்டத்தட்டப் படுத்துருச்சு, நாள் பூரா ஒண்ணு ரெண்டு புது வரிசைதான். நீளம் 6, 8, 10 மூணும் போட்டுப் பாத்தேன், 10ல படுக்க ரெண்டு நாள் கூட ஆச்சு.

அஞ்சாவது நாள் நடுராத்திரி திடீர்னு ஒரே நிமிஷத்துல பெரிய ஏத்தம். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டுது, சரி மாட்டினான்டான்னு லாக்கத் திறந்தா, லாக் ரொட்டேட் ஆகிருக்கு (பழைய லாக்க மூடிட்டு புதுசு திறக்கறது), சர்வர் தன்னத்தானே ரீலோட் பண்ணிருக்கு. வாரத்துக்கு ஒரு தடவதான் ஓடும், முதல் நாலு நாள்ல அது வரவே இல்ல. இப்ப அதையும் சேத்துட்டேன். ஒம்பதாவது நாள் செக்யூரிட்டி அப்டேட் வந்து லைப்ரரி மாறினதும் மறுபடி ஏறுச்சு, அத சேக்கறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல, ஏன்னா அன்னிக்கு ஒருத்தன் உள்ள வந்திருந்தா அவனையும் சேத்துத்தான் 'நான்'னு எழுதிருப்பேன்.

கைடுகிட்ட கோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, 'இந்த ஏத்தம் என்ன'ன்னு கேட்டார்.

பழைய_லாக்_ரீடர்:

அப்டேட்ட ஒரு தனி சோதனை மெஷின்ல முதல்ல போட்டு, அங்க வர்ற புது வரிசைய மட்டும் எடுத்து சேருங்க. தைமஸ் உடம்புக்குள்ள தனி இடமா இருக்கற மாதிரி.